சொட்டும் கரண்டியும்: கைக்குழந்தைகளுக்கான வலிநிவாரணி மருந்தும் பெற்றோர் எதிர்கொள்ளும் அளவுச் சிக்கலும்

ஆய்வுச் சுருக்கம்

கைக்குழந்தையின் காய்ச்சலுக்கும் வலிக்கும் பெற்றோர் பெரிதும் நாடும் மருந்து பாராசிட்டமால். மருத்துவர் சீட்டு இன்றியே மருந்துக்கடைகளில் கிடைக்கும் இம்மருந்தை அளந்து கொடுப்பதில் நேரும் பிழைகளுக்குப் பெற்றோரின் கவனக்குறைவு மட்டுமே காரணமன்று. ஒரே பெயரில் பல செறிவுகள் வழங்குவதும், அவற்றைச் சுட்டும் சொற்கள் உணர்த்தும் பொருளும் காரணங்களாகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கைக்குழந்தை, பாராசிட்டமால், சொட்டு மருந்து, செறிவு, அளவுப்பிழை.

முன்னுரை

குழந்தை பிறந்த 6, 10, 14ஆம் வாரங்களில் ஐந்து நோய்களுக்கு எதிரான பென்டாவேலன்ட் தடுப்பூசி போடப்படுகிறது. அன்றிரவு குழந்தையின் உடல் சுடுவதும், ஊசி போட்ட தொடை வீங்குவதும், குழந்தை விடாது அழுவதும் பெற்றோர் பலரும் அறிந்தவையே. காய்ச்சல் மருந்தைத் தம் கையால் அளந்து புகட்டும் முதல் அனுபவம் பெரும்பாலும் அவர்களுக்கு அப்போதுதான் வாய்க்கிறது. தூக்கமின்மையும் அச்சமும் சூழ்ந்த அவ்வேளையில் நிகழும் ஒரு சிறு அளவுப்பிழை பெருந்தீங்காக மாறக்கூடும்.

ஒரே பெயர், வேறு செறிவு

இந்தியாவில் குழந்தைகளுக்கான பாராசிட்டமால் இரு வடிவங்களில் பரவலாக விற்கப்படுகிறது. சொட்டு மருந்தின் 1 மில்லிலிட்டரில் 100 மில்லிகிராம் மருந்து உள்ளது. சிரப் வகையில் 5 மில்லிலிட்டருக்கு 120, 125 அல்லது 250 மில்லிகிராம் எனச் செறிவு வேறுபடுகிறது. கைக்குழந்தையால் சிறிதளவே விழுங்க இயலும் என்பதால் சொட்டு மருந்து செறிவு மிகுந்ததாகத் தயாரிக்கப்படுகிறது.

ஒரு வேளைக்குரிய அளவு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 10 முதல் 15 மில்லிகிராம் ஆகும். 5 கிலோ எடையுள்ள குழந்தைக்கு இது 75 மில்லிகிராமைத் தாண்டலாகாது. 125 மில்லிகிராம் சிரப்பில் இதற்கு 3 மில்லிலிட்டர் தேவை. சொட்டு மருந்தில் 0.75 மில்லிலிட்டரே போதும். சிரப்புக்கு உரிய 3 மில்லிலிட்டரைச் சொட்டு மருந்தில் அளந்து கொடுத்தால் 300 மில்லிகிராம் உட்செல்கிறது. இது கிலோவுக்கு 60 மில்லிகிராம். அதாவது, ஒரு நாள் முழுமைக்கும் உரிய உச்ச அளவு ஒரே வேளையில் சேர்ந்துவிடுகிறது. இப்பிழை வேளைதோறும் தொடருமாயின் கல்லீரல் பாதிக்கப்படும். முதல் நாளில் அறிகுறி எதுவும் தென்படாமல் போகலாம் என்பதே இதன் பேராபத்து. மாறாக, 0.75 மில்லிலிட்டர் சிரப் கொடுத்தால் நான்கில் ஒரு பங்கு மருந்தே சேரும்; காய்ச்சல் தணியாது. ‘மருந்து கேட்கவில்லை’ என்று பெற்றோர் கலங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சொல் தரும் மயக்கம்

‘சொட்டு மருந்து’ என்றதும் தமிழர் மனத்தில் தோன்றுவது போலியோ தடுப்பு மருந்தின் இரண்டு சொட்டுகளே. சிறிது, மென்மையானது, தீங்கற்றது என்னும் பொருட்சாயல் அச்சொல்லோடு ஒட்டியுள்ளது. ஆனால் பாராசிட்டமாலில் சொட்டு வடிவமே 125 மில்லிகிராம் சிரப்பைவிட நான்கு மடங்கு வலியது. சொல் உணர்த்துவதும் புட்டிக்குள் இருப்பதும் இங்கு முரண்படுகின்றன. புட்டியின் மேலுள்ள செறிவுக் குறிப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில் சிறிய எழுத்தில் அமைவதால், சொல்லால் விளைந்த மயக்கம் எழுத்தாலும் தெளிவதில்லை. வீட்டுக் கரண்டிகளின் கொள்ளளவு ஒன்றுக்கொன்று மாறுபடுவதும், சங்கிலும் பாலாடையிலும் மருந்து ஒட்டிக்கொள்வதும் அளவை மேலும் நிச்சயமற்றதாக்குகின்றன.

ஒரு முன்மாதிரி

இதே சிக்கலை அமெரிக்காவும் எதிர்கொண்டது. அங்குக் கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்து 0.8 மில்லிலிட்டருக்கு 80 மில்லிகிராம் என்னும் உயர்செறிவில் விற்கப்பட்டது. 2011ஆம் ஆண்டு உற்பத்தியாளர்கள் தாமாக முன்வந்து, குழந்தைகளுக்கான திரவ மருந்து அனைத்தையும் 5 மில்லிலிட்டருக்கு 160 மில்லிகிராம் என்னும் ஒரே செறிவுக்கு மாற்றத் தொடங்கினர். பழைய புட்டிகளும் புதியனவும் கடைகளில் ஒருசேர இருந்த இடைக்காலத்தில் புதிய குழப்பம் நேரலாம் என அந்நாட்டு உணவு, மருந்து நிருவாகம் எச்சரித்தது. பெற்றோரைக் குறைகூறுவதோடு நில்லாமல் பொருளையே திருத்தியமை இங்குக் கருதத்தக்கது.

பெற்றோர் கருத வேண்டியவை

வயதைவிட எடையே அளவுக்கு அடிப்படை. புட்டியுடன் வரும் துளிப்பானையோ அளவுச் சிரிஞ்சையோ மட்டும் பயன்படுத்துதல் நன்று. ஒரு புட்டியின் துளிப்பானை மற்றொன்றுக்குப் பயன்படுத்தலாகாது. சளி மருந்துகள் சிலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருப்பதால் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தல் இரட்டை அளவாகிவிடும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 பாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் கண்டால், தடுப்பூசிக்குப் பிந்தையதாயினும், மருத்துவரின் அறிவுரையைப் பெறுதல் வேண்டும். அளவு மிகுந்துவிட்டதென ஐயம் எழுந்தால் அறிகுறிக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். உரிய நேரத்தில் கொடுக்கப்படும் மாற்று மருந்து கல்லீரலைக் காக்கும்.

முடிவுரை

அளவுப்பிழை என்பது அன்புக் குறைவாலோ அறிவுக் குறைவாலோ மட்டும் நேர்வதன்று. ஒரே செறிவு என்னும் நிலை வரும்வரை, ‘1 மில்லிலிட்டரில் 100 மில்லிகிராம்’ என்பது தமிழில் பெரிய எழுத்தில் புட்டியின்மேல் இடம்பெறுதல் வேண்டும். செறிவு வேறுபாட்டைக் கேட்டவுடன் உணர்த்தும் எளிய தமிழ்ப் பெயர்களை வகுத்தல் கலைச்சொல்லாக்கத் துறையினர் முன்னுள்ள பணியாகும். அப்பணி சொல்லாய்வாக மட்டும் நிற்காமல் உயிர்காப்பாகவும் அமையும்.