இன்று யாருடைய பாடு?

பழவேற்காட்டுக்கு மதம் பீரங்கியோடும் வந்திருக்கிறது. போர்த்துகீசியர் 1515-ல் இங்கே மகிமை மாதா ஆலயத்தை எழுப்பினார்கள். நூறு ஆண்டுக்குள் டச்சுக்காரர்கள் வந்தார்கள். இரு தரப்பும் வணங்கியது ஒரே கிறிஸ்துவைத்தான். ஆனாலும் 1612-ல் டச்சுப் பண்டகசாலையைப் போர்த்துகீசியர் சூறையாடினார்கள். மறு ஆண்டே கெல்டிரியா கோட்டை எழுந்தது. இந்தத் துறையிலிருந்து துணியோடு ஆயிரக்கணக்கான அடிமைகளும் கப்பலேற்றப்பட்டார்கள். 1806-ல் ஆங்கிலேயர் கோட்டையை இடித்தார்கள். இன்று அங்கே முட்புதர்தான்.

கோட்டைக்காரர்கள் சண்டையிட்ட அதே கரையில் மீனவர்கள் வேறொரு ஏற்பாட்டை வைத்திருந்தார்கள். அதற்குப் பெயர் பாடு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்களும் பழவேற்காட்டு ஏரியின் நல்ல மீன்பிடி இடங்களைத் தங்களுக்குள் முறைவைத்துப் பகிர்ந்துகொண்டன. மூன்றாவது ஊரின் பெயரிலேயே மாதா இருக்கிறாள். தலைக்கட்டுக் கணக்கில் உள்ளவர்களுக்குச் சீட்டுக் குலுக்கி இடம் ஒதுக்குவார்கள். இன்று நல்ல இடத்தில் சுத்துவலை போட்டவர் நாளை அதை அடுத்தவருக்கு விட வேண்டும். கோயிலுக்குப் போகிறவரா, மாதா கோயிலுக்குப் போகிறவரா என்று சீட்டு பார்ப்பதில்லை. மத நல்லிணக்கத்துக்கென ஐ.நா. பொதுச்சபை பிப்ரவரி முதல் வாரத்தை ஒதுக்கியது 2010-ல்தான். வலைக்கு இடம் யாருக்கு என்ற கேள்விக்கு விடை காணும் கட்டாயத்தில், இந்த மீனவர்கள் அதற்குப் பல தலைமுறை முன்பே சேர்ந்து வாழும் வழியைக் கண்டுவிட்டார்கள்.

இதைப் புகழும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. பாடு மதத்தைத் தாண்டியது, சாதியைத் தாண்டவில்லை. அது பட்டினவர் சமூகத்தின் உரிமையாகவே இருந்தது. தாழ்த்தப்பட்ட மீனவர்களுக்கும் இருளருக்கும் அந்தச் சீட்டில் இடமில்லை. இருளர் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, பனை ஓலையில் முடைந்த பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரு கைகளாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பார்கள். வலையும் இல்லை, படகும் இல்லை. இறால் தட்டுப்பட்டதும் விரல் மடங்கும். அடுத்த நொடி அது பறிக்குள் இருக்கும். அவர்களும் இந்த ஏரியின் மக்கள்தான்.

ஏற்றுமதியில் இறாலுக்கு விலை ஏறியதும் ஏரிக்குப் போட்டி கூடியது. பாடு உள்ள ஊர்களுக்கும் பாடு இல்லாத ஊர்களுக்கும் இடையே மோதல்கள் நடந்தன. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருப்பதால் எல்லைத் தகராறும் உண்டு. அமைதி குலைந்தபோதெல்லாம் கடவுளின் பெயரைவிடத் தண்ணீரின் உரிமைதான் காரணமாக இருந்தது. எனவே நல்லிணக்கம் பேசுகிறவர்கள் முதலில் யாருக்கு எத்தனை முறை கிடைக்கிறது என்று கேட்க வேண்டும் என்பேன்.

ஏரிக்கு அக்கரையில் பசியாவரம், இடமணி, ரஹ்மத் நகர் என்று அடுத்தடுத்து ஊர்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சந்தை எதற்கும் இவர்கள் படகில் ஏரியைக் கடந்தே பழவேற்காட்டுக்கு வர வேண்டியிருந்தது. பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணை ஏற்றும்போது அவள் எந்த ஊர், எந்த மதம் என்று பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? பாலத்துக்கான கோரிக்கையும் இந்த ஊர்கள் எல்லாவற்றுக்கும் பொதுவானது. பல ஆண்டுகள் காத்திருந்த பிறகே தண்ணீரில் தூண்கள் எழுந்தன.

இன்றைய ஆபத்தும் பொதுவானது. முகத்துவாரம் தூர்ந்தால் கடல்நீர் உள்ளே வராது. அதோடு வரவேண்டிய இறால் குஞ்சும் வராது. தெற்கே எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களும் கவலை தருகின்றன. காட்டுப்பள்ளி விரிவாக்கத்தை எதிர்த்து இப்பகுதி மீனவ ஊர்கள் பல ஒன்றாகக் குரல் கொடுத்தன. ஏரியைக் காக்கச் சேர்ந்து நிற்கிறவர்கள் ஏரியைப் பகிரவும் சேர்ந்து உட்கார வேண்டும். அந்தக் கூட்டத்தில் பறியைப் பல்லில் கடிக்கிற பெண்ணுக்கும் ஓர் இடம் வேண்டும், பேசும் உரிமையோடு.