செயலிக்குள் திறக்கும் சாளரம்

பேஸ்புக்கில் வரும் ஓர் இணைப்பைத் தொட்டதும் திறப்பது பெரும்பாலும் போனில் உள்ள குரோமோ சஃபாரியோ அல்ல. அந்தச் செயலி தனக்குள்ளேயே வைத்திருக்கும் ஒரு சிறு உலாவி. இன்ஸ்டகிராம், ரிக்டொக் ஆகியவற்றிலும் இதே ஏற்பாடுதான். வட்ஸ்அப்பில் வரும் இணைப்பு பொதுவாகப் போனின் சொந்த உலாவிக்குப் போய்விடும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் உள்ளே திறக்கும் உலாவியில் முழு முகவரிப் பட்டை கிடையாது, சேமித்த கடவுச்சொல் பல நேரம் வராது, போலித் தளத்தைக் கண்டு தடுக்கும் காவலும் எல்லாச் செயலியிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. இந்த இடத்தில்தான் பக்கத்தின் மேல் திடீரென எழும் பொப்-அப் சாளரம் ஆபத்தாகிறது.

ஒரு பக்கம் புதிய சாளரம் கேட்டால், முழு உலாவி அதைத் தனித் தாவலில் முகவரியோடு திறக்கும், அல்லது தடுத்துவிடும். உள்ளே பொருத்திய உலாவிக்கு அந்த அதிகாரம் இல்லை. "புதிய சாளரம் கேட்கிறார்கள், என்ன செய்ய?" என்று அது தன்னைச் சுமக்கும் செயலியையே கேட்கும். செயலியை எழுதியவர் பதில் எழுதி வைக்காவிட்டால் அன்ட்ரொயிட்டில் புதிய பக்கம் பழைய பக்கத்தின் மேலேயே ஏறிவிடும். ஐபோனில் ஒன்றுமே நடக்காது. பழைய விண்டோஸ் மென்பொருள்களில் அது இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் தனியாகத் திறந்து, உள்நுழைந்த கணக்கை மறந்துபோய் நின்றது. காசு கட்டும் பக்கத்தில் பொத்தானை அழுத்தியும் அசைவில்லாதபோது பலர் திரும்பத் திரும்ப அழுத்துவார்கள். கோளாறு வங்கியில் இல்லாமல், எழுதப்படாத அந்தப் பதிலில் இருக்கலாம். அந்த நேரத்தில் மீண்டும் அழுத்தாமல், கணக்கில் காசு கழிந்திருக்கிறதா என்று முதலில் பார்ப்பதே நல்லது.

பொப்-அப் விளம்பரத்துக்கான நிரலை 1990களில் எழுதிய ஈதன் சக்கர்மன், 2014இல் அதற்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அவர் எழுதியது வெறும் தொல்லை. இன்று வருவது திருட்டு.

பேசாலைக் கரையில் கிழிந்த வலையைத் திருத்திக்கொண்டிருக்கும் ஒருவரின் போனில் இது எப்படி வரும்? மகன் கட்டாரில். பேஸ்புக்கில் ஒரு விளம்பரம்: பொதி வந்திருக்கிறது, விலாசம் சரியில்லை, சிறு தொகை கட்டினால் வீட்டுக்கு வரும். தொட்டதும் இலங்கை அஞ்சல் திணைக்களத்தின் சின்னத்தோடு ஒரு பக்கம் திறக்கும். அதன் மேல் ஒரு சாளரம் எழுந்து வங்கி அட்டையின் எண்ணையும் பின்பக்கத்து மூன்று இலக்கத்தையும் கேட்கும். அடுத்த சாளரம், போனுக்கு வந்த ஓ.ரி.பி. என்ற ஒருமுறைக் கடவு எண்ணைக் கேட்கும். இப்படியான போலிச் செய்திகளைப் பற்றி அஞ்சல் திணைக்களமே எச்சரித்திருக்கிறது. அரச தளங்களின் பெயர் .gov.lk என்று முடியும். ஆனால் மேலே எழுந்த சாளரம் முகவரியை மறைத்திருக்கும்போது அதைப் பார்ப்பது எப்படி? இன்னும் மோசமானது, பக்கத்துக்குள்ளேயே சாளரம் போல ஒரு படத்தை வரைந்து, அதில் உண்மையான முகவரியையும் பூட்டுச் சின்னத்தையும் எழுதி வைப்பது. கணினியில் அதைப் பிடித்து இழுத்தால் பக்கத்தின் விளிம்பைத் தாண்டாது, குட்டு வெளிப்பட்டுவிடும். போனில் இழுத்துப் பார்க்க வழியில்லை.

பக்கம் உண்மையானதாக இருந்தாலும் கவலை முழுதாகத் தீராது. உள்ளே பொருத்திய உலாவியில் ஓடும் பக்கத்துக்குள் செயலி தன் சொந்த நிரலைச் செருக முடியும். பேஸ்புக், இன்ஸ்டகிராம் செயலிகள் அப்படிச் செய்வதை பீலிக்ஸ் கிராவ்ஸ் என்ற ஆய்வாளர் 2022 ஓகஸ்டில் காட்டினார். ரிக்டொக்கின் உலாவியில் விசை அழுத்தங்களைக் கவனிக்கக்கூடிய நிரலையும் அவர் கண்டார். அதைத் தட்டச்சைப் பதிவதற்குப் பயன்படுத்துவதில்லை என்று அந்நிறுவனம் மறுத்தது. கூகுள் இந்த அபாயத்தை முன்பே உணர்ந்து, பிற செயலிகளுக்குள் பொருத்திய உலாவி வழியே தன் கணக்கில் நுழைவதை 2016இல் கைவிடச் சொல்லி, 2017இல் தடுக்கத் தொடங்கியது.

ஆகவே கடவுச்சொல், அட்டை எண், ஓ.ரி.பி. மூன்றையும் செயலிக்குள் திறந்த சாளரத்தில் எழுதாமல் இருப்பதே பாதுகாப்பு. மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டால் வெளி உலாவியில் திறக்கும் தெரிவு வரும். வங்கி அல்லது அரச தளம் என்றால் அதுவும் வேண்டாம்: முகவரியைத் தானே தட்டச்சு செய்து போவதுதான் சரி. "உங்கள் போனில் வைரஸ்" என்று அலறும் சாளரம் முழுப் பொய். ஓர் இணையப் பக்கத்தால் போனைச் சோதிக்க முடியாது. அதன் பொத்தான் எதையும் தொடாமல் செயலியையே மூடிவிட வேண்டும்.

எண்ணைக் கொடுத்த பிறகு தெரியவந்தால் நிமிடங்கள்தான் கணக்கு. தலைமன்னாரிலிருந்து மன்னார் நகரக் கிளைக்குக் காலை பஸ்ஸில் போய்ச் சொல்லலாம் என்று காத்திருந்தால், விடிவதற்குள் கணக்கு வெறுமையாகிவிடும். அட்டையின் பின்புறமுள்ள எண்ணுக்கு அழைத்து அட்டையை முடக்கி, அழைத்த நேரத்தையும் முறைப்பாட்டு இலக்கத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஓ.ரி.பி.யைக் கொடுத்தது வாடிக்கையாளரே என்று வங்கி கைவிரிக்கப் பார்க்கும். முறைப்பாட்டையும் எழுத்தில் கொடுத்து, மறுப்பையும் எழுத்தில் கேட்டுப் பெறுவது பிறகு உதவும். வங்கியின் பதில் திருப்தியில்லை என்றால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்தை 1935 என்ற எண்ணில் அணுகலாம். நிதி நுகர்வோர் பாதுகாப்புக்கென 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க ஒழுங்குவிதிகள் இருக்கின்றன. காசுக்குப் பதில் ரீலோட் மட்டும் நாள்தோறும் கழிந்தால், ஏதோ ஒரு பொப்-அப்பைத் தொட்டுக் கேட்காத சேவையில் சேர்ந்திருக்கலாம். தொலைபேசி நிறுவனத்திடம் சேவையை நிறுத்தக் கேட்க வேண்டும். அது பலிக்காவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, எண் 1900.

போலித் தளத்தை, இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்துக்கு 101இல் அறிவிக்கலாம். தளத்தை முடக்குவதற்கான வழியை அவர்கள் பார்ப்பார்கள், ஆனால் இழந்த காசை மீட்டுத் தரும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. அதற்குச் சட்டத்தின் பக்கம் போக வேண்டும். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றங்கள் சட்டம் அனுமதியற்ற நுழைவைத் தண்டிப்பதோடு, குற்றவாளி பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு கட்டவும் நீதிமன்றம் உத்தரவிட இடமளிக்கிறது. அதற்குச் சான்று தேவை. சாளரம் திறந்திருக்கும்போதே முகவரியும் நேரமும் தெரியும்படி திரைப்பிடிப்பு எடுத்து வைப்பதும், வங்கியின் குறுஞ்செய்திகளை அழிக்காமல் வைப்பதும் இதற்காகத்தான்.

முறைப்பாட்டைப் பக்கத்துப் பொலிஸ் நிலையத்திலேயே தொடங்கலாம். வடக்கு, கிழக்கு மாகாணங்களின் நிர்வாக மொழி தமிழ் என்று 1988இல் நிறைவேறிய 16ஆவது திருத்தத்துக்குப் பிந்திய அரசியலமைப்பு சொல்கிறது. எனவே வாக்குமூலம் தமிழில் எழுதப்பட வேண்டும் என்று கேட்பது சலுகை கேட்பதாகாது. வாசித்துப் பார்க்காமல், விளங்காத மொழியில் எழுதியதன் கீழ் ஒப்பமிடக் கூடாது. முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்கினால், அதையே வங்கிக்கும் மத்திய வங்கிக்கும் போகும் கடிதங்களில் காட்டலாம்.