மணல் தொட்டியை மறந்த கிழப் பூனை

சாக்குப் பை தயாராக இருந்தது. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் சொக்கனை அதில் போட்டுக் கட்டி, மீன் மார்க்கெட் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுவது என்று வீட்டில் முடிவாகிவிட்டது.

சொக்கன் யார் என்கிறீர்களா? என் பெரியம்மா வீட்டுப் பூனை. வயது 14. காலஞ்சென்ற பெரியப்பா ஒரு மழை நாளில் துண்டில் சுற்றி எடுத்து வந்த குட்டி. சென்னையில் மூன்றாவது மாடிக் குடித்தனம்; மண் தரை என்று ஓர் அடி கிடையாது. ஆகவே குளியலறை மூலையில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி, அதில் மணல். கடைக்காரர்கள் 'லிட்டர் பாக்ஸ்' என்கிறார்களே, அதுதான். இத்தனை வருஷத்தில் சொக்கன் ஒரு நாள்கூட அந்தத் தொட்டிக்கு வெளியே அசுத்தம் செய்ததில்லை. சென்ற ஆண்டு ஆடி மாதம் தொடங்கியது வினை. முதலில் கூடத்துப் பாய். பிறகு சோபாவின் அடி. கடைசியில் அண்ணனுடைய மெத்தையிலேயே!

"வேணும்னே பண்றான். நான் திட்டினதுக்குப் பழி வாங்குறான்" என்றார் அண்ணி. பாவம், தினம் மூன்று வேளை தரையைக் கழுவுகிறவர் அவர்தானே!

"அவனை அனுப்பறதா இருந்தா என்னையும் சேர்த்து அனுப்பிடுங்க" என்று பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் போன நான் பஞ்சாயத்தில் மாட்டிக்கொண்டேன். "ஒரே ஒரு நாள் பொறுங்கள். மிருக வைத்தியரிடம் காட்டிவிட்டு வருகிறேன்" என்று கெஞ்சினேன். சாக்குப் பையில் கட்டும் யோகம் அன்று சொக்கனுக்கு இல்லை. பிளாஸ்டிக் கூடையில் ஏறி, ஆட்டோவில் வைத்தியரிடம் போனான்.

வைத்தியர் கேட்ட கேள்வி

வைத்தியர் அம்மாள் சொக்கனின் பின்னங்கால்களை மெதுவாக மடக்கிப் பார்த்தார். அவன் சீறினான். "இப்போதெல்லாம் ஜன்னல் திண்டில் ஏறுகிறானா?" என்று கேட்டார். கூட வந்த பெரியம்மா யோசித்தார். பொங்கலுக்குப் பிறகு அவன் ஜன்னலில் உட்கார்ந்து பார்த்த ஞாபகமே இல்லை! வயதாகிவிட்டது, சோம்பல் என்று எல்லோரும் நினைத்திருந்தோம்.

பூனையின் 14 வயது மனிதனுக்கு ஏறக்குறைய 72 வயதுக்குச் சமம் என்று வைத்தியர்கள் கணக்குச் சொல்கிறார்கள். எழுபத்திரண்டு வயதுத் தாத்தாவுக்கு மூட்டு வலிக்காதா? 2002-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியில் 12 வயது தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களைப் பார்த்தார்கள். 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் தெரிந்தது. ஆனால் பூனை நாயைப் போல நொண்டிக் காட்டாது, முனகாது. வலியை மறைப்பது அதன் பிறவிக் குணம். தாவுவதைக் குறைத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டுத் தொட்டியின் சுவரோ எட்டு அங்குல உயரம்! அதைத் தாண்டும்போதெல்லாம் இடுப்பில் சுருக்கென்று வலித்தால், பூனை யார்மேல் குற்றம் சொல்லும்? தொட்டியின் மேல்தான். 'இந்த இடம் வலிக்கிற இடம்' என்று மனத்தில் பதிந்துவிடும். பாயும் மெத்தையும் வலிக்காத இடங்கள்.

ரத்தமும் சிறுநீரும் சோதித்ததில் இன்னொரு விஷயமும் வெளிவந்தது. சிறுநீரகம் தளர்ந்திருந்தது. கிழப் பூனைகளுக்கு இது மிகச் சாதாரணம். பூனையின் மூதாதை வறண்ட பூமிக் காட்டுப் பூனை. குறைந்த தண்ணீரில் வாழ்ந்து, கெட்டியான சிறுநீர் கழிக்கும் ஜாதி. சிறுநீரகம் தளர்ந்தால் அந்தச் சக்தி போய்விடும். நிறையத் தண்ணீர் குடிக்கும், நிறையக் கழிக்கும். தொட்டி சீக்கிரம் நனைந்து நாறும். நாறும் தொட்டியில் பூனை கால் வைக்காது. நீரிழிவும் தைராய்டு மிகுதியும்கூட இதே கூத்தைச் செய்யும். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கும். சோதித்தால்தான் தெரியும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆண் பூனை அடிக்கடி உட்கார்ந்து முக்குகிறது, சொட்டுச் சிறுநீர்கூட வரவில்லை என்றால், 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று இருந்துவிடாதீர்கள். அது அடைப்பு. இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். அன்றைக்கே வைத்தியரிடம் ஓடுங்கள். சென்னைவாசிகளுக்கு வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது.

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. வலிதானே என்று இரக்கப்பட்டு, வீட்டில் இருக்கும் பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுத்துவிடுவது! நமக்குக் காய்ச்சலைத் தணிக்கும் அதே மாத்திரை பூனைக்கு விஷம். ஒன்றே ஒன்று போதும், கொன்றுவிடும். அதன் ஈரலுக்கு அந்த மருந்தை முறிக்கும் சக்தி கிடையாது. மருந்து எதுவானாலும் வைத்தியர் எழுதிக் கொடுத்ததைத்தான் தர வேண்டும்.

தொட்டிக்கு ஒரு வாசல்

வைத்தியர் சொன்னபடி அண்ணன் காய்ச்சிய கத்தியால் தொட்டியின் ஒரு பக்கத்தை அறுத்து, இரண்டு அங்குல உயரத்துக்கு வாசல் மாதிரி இறக்கினார். கையைக் கிழிக்காதபடி விளிம்பை உப்புத் தாளால் தேய்த்தார். தொட்டி பூனையின் உடம்பைப்போல் ஒன்றரை மடங்கு நீளமாவது இருக்க வேண்டுமாம். அகலமான இன்னொரு தொட்டி வாங்கி, பெரியம்மா அறைப் பக்கம் வைத்தோம். ஒரு பூனைக்கு இரண்டு தொட்டியா என்று அண்ணி கேட்டார். பூனைகளின் எண்ணிக்கையைவிடத் தொட்டி ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும் என்பதுதான் வைத்தியர்களின் கணக்கு. கிழவன் இருட்டில் குளியலறை வரை நடக்க வேண்டாம் அல்லவா? பக்கத்தில் ஒரு சிறு விளக்கும் வைத்தோம்.

பழைய தொட்டி சலவை இயந்திரத்தை ஒட்டி இருந்தது. அது கடகடவென்று உதறும்போது எந்தப் பூனைதான் நிம்மதியாக உட்காரும்? அதையும் நகர்த்தினோம்.

மணல் விஷயத்திலும் சொக்கனுக்கு அபிப்பிராயம் உண்டு. அண்ணி ஆசையாக வாங்கிய லாவெண்டர் வாசனைப் பாக்கெட்டை அவன் மோந்துகூடப் பார்க்கவில்லை. வாசனை நமக்குத்தான், பூனைக்கு அது நெடி. வாசனையில்லாத, மெல்லிய மணல் போன்ற ரகம்தான் பெரும்பாலான பூனைகளுக்குப் பிடிக்கும். இந்தப் பாக்கெட் வியாபாரத்துக்கே ஒரு கதை உண்டு. 1947-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில், பக்கத்து வீட்டு அம்மாள் பூனைக்கு மணல் கேட்டு வந்தபோது, எட்வர்ட் லோ என்பவர் கையில் இருந்த ஒரு வகை உறிஞ்சு களிமண்ணைக் கொடுத்தார். அது ஈரத்தை நன்றாக இழுத்தது, மனிதர் கோடீஸ்வரரானார்! நம் பெண்கள் முகத்தில் பூசும் முல்தானி மெட்டி இருக்கிறதே, அதே இன மண்தான் அது.

பினாயிலை நிறுத்துங்கள்

எங்கள் அண்ணியின் பெரிய ஆயுதம் பினாயில். அதுவும் தப்பாம். பினாயில் தோய்ந்த தரையில் நடந்த பூனை பாதத்தை நக்கும். அதிலுள்ள சரக்கு ஈரலைக் கெடுக்கும். அம்மோனியா கலந்த திரவமோ சிறுநீர் போலவே வாசனை அடித்து, 'இங்கேயே வா' என்று பூனையை அழைக்கும். ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்து, பிராணிக் கடைகளில் விற்கும் என்சைம் திரவத்தை ஊற்றி ஊறவிட்டால்தான் வாசனை வேரோடு போகும். நம் மூக்குக்குப் போனால் போதாது, அவன் மூக்குக்குப் போக வேண்டும்!

மூக்கைப் பிடித்து அசுத்தத்தில் தேய்க்கும் பழைய வைத்தியத்தையும் விட்டுவிட வேண்டும். எதற்கு அடி என்று பூனைக்குப் புரியாது. உங்களைக் கண்டால் ஒளிந்து போய்ச் செய்யும்.

சொக்கனுக்கு இப்போது மூட்டுக்கு மருந்து, சிறுநீரகத்துக்குத் தனிச் சாப்பாடு, மூலைக்கு மூலை தண்ணீர்க் கிண்ணம். சிறுநீரகம் முன்போல ஆகாது. தேய்வதைக் கொஞ்சம் நிதானப்படுத்தலாம் என்றுதான் வைத்தியர் சொல்லியிருக்கிறார். காலையும் மாலையும் தொட்டியை அள்ளிச் சுத்தம் செய்வது அண்ணனின் பொறுப்பு. வாரத்துக்கு ஒரு முறை அவசரத்தில் தொட்டி விளிம்புக்கு வெளியே தவறிவிடுகிறது. அதற்காக அண்ணி சுற்றிலும் பழைய பத்திரிகைகளை விரித்து வைக்கிறார். இந்த ஞாயிறு மலரும் அடுத்த வாரம் அங்கேதான் போகும்.