பேராசிரியர் ஒருவரின் கடிதக் கட்டுகள்

பேராசிரியர் ஒருவர் மறைந்தபின் அவர் எழுதிய நூல்கள் நூல்நிலையத்தைச் சேரும். அவர் மேசையிற் கிடந்த கடிதங்களோ பெரும்பாலும் அடுப்பைச் சேரும். குறிப்பேடுகளையும், அடித்துத் திருத்திய பிரதிகளையும் வீட்டார் குப்பையென்றே கருதுவர். ஏடு தேடி ஊரூராய் அலைந்த பதிப்பாசிரியர்களின் வழிவந்த நமக்கு இவ்விழப்பின் அளவு சொல்லாமலே விளங்கும்.

இத்தகைய குப்பையைச் செல்வமெனப் பேணும் நிலையம் ஒன்று, அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலத்து டியூக் சர்வகலாசாலையில் 1976ஆம் ஆண்டு நிறுவப்பெற்றது. ஜே ஹபெல் என்னும் பேராசிரியரின் பெயரை அது தாங்கி நிற்கின்றது. அமெரிக்க இலக்கியத்தை ஆராய்ந்தோரின் கடிதங்களையும் கையெழுத்துக் குறிப்புகளையும் திரட்டுதலே அதன் பணி.

ஆராய்ந்தோரின் வரலாறும் ஓர் ஆராய்ச்சிப் பொருளாகுமோ என அன்பர் சிலர் வினவலாம். அமெரிக்க இலக்கியத்தைப் பொறுத்தவரை ஆகும் என்பதே எம் கருத்து. அமெரிக்கர் எழுதிய நூலை உலகில் எவர் படிக்கின்றார் என 1820இல் ஆங்கிலேயரான சிட்னி சிமித் எள்ளி நகையாடினார். அவ்வெள்ளல் அந்நாட்டுக் கல்விக்கூடங்களையும் நெடுங்காலம் விட்டகலவில்லை. அங்கே பழைய ஆங்கிலமும் சேக்ஸ்பியரும் மில்ரனுமே இலக்கியக் கல்வியென மதிக்கப்பெற்றன. சொந்த நாட்டுப் புலவர் வாயிலிற் காத்து நின்றனர். தன் வீட்டுப் பிள்ளையைத் தானே மதியாத நிலை இது; நமக்கும் முற்றிலும் புதியதன்று.

இந்நிலையை மாற்ற முயன்றோருள் ஹபெல் ஒருவர். 1885இல் வேர்ஜினியாவிற் பிறந்து, ரெக்சாசு மாநிலத்துச் சர்வகலாசாலை ஒன்றிற் கற்பித்து, 1927இல் டியூக்கை வந்தடைந்தார். நவீன மொழிச் சங்கத்தினுள் அமெரிக்க இலக்கியத்துக்கெனத் தனிக்குழு 1921இல் தோன்றியிருந்தது. அக்குழுவின் ஒத்துழைப்போடு 1929 மார்ச்சில் 'அமெரிக்க இலக்கியம்' என்ற சஞ்சிகை டியூக்கிலிருந்து வெளிவந்தது. அதன் ஆசிரியப் பொறுப்பை ஹபெல் 1954 வரை சுமந்தார்.

கால் நூற்றாண்டு ஒரு சஞ்சிகையை நடத்துவதென்றால், எதனை ஏற்பது எதனைத் தள்ளுவது என்று நாள்தோறும் தீர்ப்பளித்தல் என்பதே பொருள். அச்சேறிய கட்டுரை அத்தீர்ப்பின் முடிவை மட்டுமே காட்டும். அதற்குக் காரணமான ஐயமும் பிணக்கும் விட்டுக்கொடுப்பும் கடிதக் கட்டுகளிலேயே உறங்கும். ஒரு துறை எவ்வாறு துறையாயிற்று என அறிய விழைவோன் அங்கேதான் தேடவேண்டும்.

அத்தீர்ப்புகள் நிலையற்றவை என்பதை ஹபெலே நன்கறிந்திருந்தார். அமெரிக்காவின் பெரும் எழுத்தாளர் யாவர் என்ற வினாவையே தலைப்பாகக் கொண்டு 1972இல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். தலைமுறைதோறும் புகழ் ஏறியும் இறங்கியும் வந்தமையே அதன் பொருள். ஒரு காலத்தில் வீடுதோறும் படிக்கப்பெற்ற லோங்ஃபெலோ பின்னர் மங்கினார். 1851இல் 'மோபி டிக்' எழுதிய மெல்வில், நியூயோர்க் சுங்கத் துறையில் ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டுகள் உழைத்து, 1891இல் பலராலும் மறக்கப்பட்டவராய் மாண்டார். 1921இல் ரேமண்ட் வீவர் அவர் வரலாற்றை எழுதிய பின்னரே அவருக்கு மறுபிறப்பு வாய்த்தது. நூல் மாறவில்லை, படித்தவர் கண்ணே மாறிற்று.

இத்துறை வளர்ந்த கதையில் ஒரு குறையையும் கூறாதிருத்தல் நேர்மையாகாது. துறை உருப்பெற்ற அக்காலத்திலேயே பெண் எழுத்தாளரும் கறுப்பின எழுத்தாளரும் பாடப்பட்டியலினின்றும் ஒதுக்கப்பட்டனர் எனப் பிற்கால ஆய்வாளர் சுட்டினர். அடிமைத்தளையறுத்து மீண்ட பிரடெரிக் டக்ளஸ் 1845இல் வெளியிட்ட தன்வரலாற்றை ஹாவார்ட் சர்வகலாசாலை அச்சகம் 1960இலேயே பதிப்பித்தது. கல்வியுலகின் வாயில் அவ்வளவு தாமதித்தே அந்நூலுக்குத் திறந்தது. பிறரால் மதிக்கப்படாத வேதனையை அறிந்த ஒரு துறை, தன்னவர் சிலரை அவ்வாறே நடத்தியது எம்மை வருத்துகின்றது. எவர் ஒதுக்கினார், எக்காரணத்தால் ஒதுக்கினார் என்பதை ஆராயப் புகுவோனுக்கும் இத்தகைய கடிதங்களே சாட்சி.

ஹபெல் 1979இல், தொண்ணூற்று மூன்றாம் வயதில் மறைந்தார். தம் பெயரில் நிலையம் எழுந்ததைக் கண்டு மூன்றாண்டுகள் வாழ்ந்திருந்தார்.