புற்றுநோய்ச் சொற்களும் பொதுமக்களும்

மருத்துவச் சொற்களை விளக்குவது மொழிபெயர்ப்பாளர் பணி என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆயின், ஒரு சொல்லின் பொருளை எவர் அறிவர், எவர் அறியார் என்பது கல்வி வாய்ப்போடும் அதனூடாக வர்க்க நிலையோடும் பிணைந்த விடயமாகும். மலையகத்து வைத்தியசாலையொன்றில், தாயின் பரிசோதனை முடிவு 'பொசிட்டிவ்' எனக் கேட்டு மகிழ்ந்த தொழிலாளி ஒருவரைக் கண்டிருக்கிறேன். தேடிய நோய் உண்டு என்பதே அங்கு அச்சொல்லின் பொருள்.

நோயின் பெயரையே எடுத்துக்கொள்வோம். பண்டைக் கிரேக்க மருத்துவர் நண்டைக் குறிக்கும் சொல்லால் இதனைச் சுட்டினர். இலத்தீன் 'கான்சர்' என்பதும் நண்டே. தமிழ் வழக்கோ புற்றை நினைவூட்டுகிறது. உருவகங்கள் விளக்குவதோடு அச்சுறுத்தவும் செய்வன. நோயாளியையே குற்றவாளியாக்கும் உருவகங்களைச் சூசன் சொன்டாக் 1978இல் வெளிவந்த தம் நூலிற் கண்டித்தமை இவ்விடத்து நினைவுகூரத்தக்கது.

கட்டிகள் யாவும் புற்றல்ல. தீங்கற்ற கட்டி அயல் இழையங்களை ஊடுருவாது. பிற உறுப்புகளுக்குப் பரவாது. (மூளையில் தோன்றின் அழுத்தத்தால் அதுவும் ஆபத்தாகலாம்.) புற்றுக் கலங்களோ குருதி வழியும் நிணநீர் வழியும் சென்று வேறிடத்துக் குடியேறக் கூடியவை. ஈரலுக்குப் பரவிய மார்புப் புற்று மார்புப் புற்றே, ஈரற் புற்றன்று. சிகிச்சையும் அதற்கேற்பவே அமையும். நம் பாடசாலைகளில் கலம், இழையம் எனப் பயின்றோர், தமிழ்நாட்டுப் பிரசுரங்களிற் செல், திசு எனக் காணும்போது இடர்ப்படுவதும் உண்டு.

'நிலை', 'தரம்' என்பன அடிக்கடி மயங்குவன. நோய் எவ்வளவு தூரம் பரவியுள்ளது என்பது நிலை. நுணுக்குக்காட்டியில் நோக்குங்கால் கலங்கள் இயல்பிலிருந்து எவ்வளவு வேறுபட்டுள்ளன என்பது தரம். 'தணிவு' என்பது நோயின் அடையாளங்கள் குறைந்தமை அல்லது மறைந்தமை. முற்றாகக் குணமடைந்தமை அன்று. 'ஐந்தாண்டு உயிர்வாழ்வு வீதம்' பெருந்துன்பம் விளைப்பது. நோய் கண்டறியப்பட்டு ஐந்தாண்டுகளின் பின்னும் உயிருடனிருப்போர் நூற்றுக்கு எத்தனைபேர் என்னும் கணக்கே அது. ஐந்தாண்டே ஆயுள் எனக் கொண்டு காணியை விற்கத் துணிவோரும் உளர்.

இலங்கை ஆண்களிடையே முதன்மை பெறும் வாய்ப்புற்றை நோக்கினால் இச்சிக்கல் மேலும் தெளிவாகும். புகையிலை சேராத வெற்றிலைபாக்கும் புற்றை விளைவிக்கும் எனச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுதி வகைப்படுத்தியது. இதனை மருத்துவர் 'ஆபத்துக் காரணி' என்பர். பிரசாரத் துண்டுகளோ 'தீய பழக்கம்' என்கின்றன. முன்னையது நிகழ்தகவைப் பற்றிய கூற்று. பின்னையது ஒழுக்கத் தீர்ப்பு. பசியையும் குளிரையும் மறக்க வெற்றிலை மெல்லும் தொழிலாளியின் வேலை நிலைமைகள் இத்தீர்ப்பில் மறைந்துபோகின்றன.

வாயில் தேய்த்தும் நீங்காத வெள்ளைப் படை, வாயை அகலத் திறக்க இயலாமை ஆகியன 'முற்புற்று நிலை'யின் அறிகுறிகளாகலாம். அந்நிலை புற்றன்று, புற்றாக மாறியே தீரும் என்பதுமில்லை. ஆயினும் காலத்துக்குக் காலம் பார்க்கப்படல் வேண்டும். 'புற்றில்லை' என்பதை மட்டும் கேட்டு வீடு திரும்பியவர், மறுமுறை வர ஒருநாட் சம்பளத்தை இழக்க வேண்டியவராயின், பெரும்பாலும் வருவதில்லை.