பம்ப்பை மாற்றும் முன்...

வாசலில் பாசி, மொட்டை மாடியில் அழுக்கு, ஜன்னல் கொசுவலையில் தூசி... எல்லாவற்றுக்கும் இப்போது பல வீடுகளில் பிரஷர் வாஷர் வந்துவிட்டது. குனிந்து தேய்த்தே இடுப்பு ஒடிந்த நமக்கு அது பெரிய உபகாரம்தான். ஆனால் கொஞ்ச நாள் போனதும், "முன்ன மாதிரி வேகமே இல்லையே" என்ற புலம்பலும் கூடவே வந்துவிடுகிறது.

என் நாத்தனார் வீட்டிலும் இதே கதைதான். பார்க்க வந்த மெக்கானிக், "பம்ப் போச்சும்மா, மாத்தணும்" என்று மெஷின் விலையில் பாதியைக் கேட்டார். "யோசிச்சு சொல்றோம்" என்று அனுப்பிவிட்டு, தண்ணீர் வரும் வழியிலேயே ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஓஸ் மாட்டும் இடத்தில் சின்னதாக ஒரு வலை வடிகட்டி. அதில் தொட்டி மணலும் பாசியும் அடை அடையாக! பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி மாட்டியதும் பழைய வேகம் திரும்பிவிட்டது.

தோழிகளே, நீங்களும் இப்படிப் பாருங்கள். எதைக் கழற்றும் முன்பும் பிளக்கைப் பிடுங்கி, குழாயை மூடி, விசையை அழுத்தி உள்ளே நிற்கும் அழுத்தத்தை வெளியேற்றிவிடுங்கள்.

* மெஷினுக்கு நிமிடத்துக்கு 6 லிட்டர் தேவை என்றால், ஓஸிலிருந்து 10 லிட்டர் வாளி 100 விநாடிக்குள் நிரம்ப வேண்டும். நிரம்பாவிட்டால் குறை மெஷினில் இல்லை, தண்ணீர் வரத்தில்தான்.

* ஓஸ் எங்காவது மடங்கியோ, காலடியில் நசுங்கியோ இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வடிகட்டி.

* தண்ணீர் விட்டு விட்டுப் பீய்ச்சினால் உள்ளே காற்று புகுந்திருக்கும். மெஷினைப் போடாமல் குழாயை மட்டும் திறந்து, தண்ணீர் சீராக வரும் வரை விசையை அழுத்திப் பிடியுங்கள்.

* கடைசியாக முனை. உப்புத் தண்ணீர் ஊர்களில் இதில் உப்பு படியும். கழற்றி அரை மணி நேரம் வினிகரில் ஊறவைத்து, மெல்லிய ஊசியால் குத்திக் கழுவுங்கள். சோப்பு அடிக்கும் முனை மாட்டியிருந்தால் வேகம் குறைவாகத்தான் வரும். அது கோளாறு இல்லை.

இத்தனையும் சரியாக இருந்து, மெஷின் அடியில் தண்ணீர் ஒழுகினாலோ, விசையை விட்ட பிறகும் மோட்டார் விட்டு விட்டு ஓடினாலோ உள்ளே சீல், வால்வு தேய்ந்திருக்கலாம். அப்போது மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். தண்ணீர் இல்லாமல் மட்டும் மெஷினை ஓட்டாதீர்கள். அப்புறம் நிஜமாகவே பம்ப் போய்விடும்.

இன்னொன்று: வேகம் வந்துவிட்டதா என்று கையை நீட்டிப் பார்க்கவே கூடாது. அந்தத் தண்ணீர் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் சின்னப் புள்ளியாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். குழந்தைகள் கையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

- ஒரு வாசகி, தஞ்சாவூர்.