முதலில் கை கழுவுமிடம்

மார்கழிக் கச்சேரி சீசனில் சென்னையின் மயிலாப்பூர், தி.நகர் சபாக்களுக்குப் போகிறவர்களில் ஒரு சாரார் நேரே அரங்கத்துக்குள் போகமாட்டார்கள். கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போவார்கள். அங்கேதான் கேன்டீன். பதினோரு மாதம் கார்களும் ஸ்கூட்டர்களும் நின்ற தரையில் டிசம்பர் நடுவில் பந்தல் எழும்பி, தலைவாழை இலை விழும்; மாலையில் டிபன். ஜனவரியில் அதே இடத்துக்குப் போனால் தரையில் கொஞ்சம் எண்ணெய்க் கறைதான் மிச்சமிருக்கும். இந்தூரின் சராஃபா பஜாரில் இதைத் தினமும் செய்கிறார்கள்: பகலில் நகைக்கடைத் தெரு, கடைகள் சாத்திய பிறகு சாப்பாட்டுத் தெரு.

இப்படி வந்து போகிற ஒரு சாப்பாட்டுக் கூடத்தை எங்கிருந்து திட்டமிட ஆரம்பிப்பது? பந்தலிலிருந்து என்றுதான் தோன்றும். என் கட்சி வேறு. கை கழுவுமிடத்திலிருந்து ஆரம்பிக்கவேண்டும். மேசை, பெஞ்சு, அடுப்பு, அண்டா, பந்தல் எல்லாவற்றையும் ஒரு மணி நேரத்தில் இடம் மாற்றிவிடலாம். கழிவுநீர் போகும் வழியை மாற்ற முடியாது. அது மனையோடு வந்தது.

எத்தனை குழாய் வேண்டும் என்பது எப்படிப் பரிமாறுகிறோம் என்பதைப் பொறுத்தது. இருநூறு பேர் பந்தியில் உட்கார்ந்தால் பாயசம், மோர் முடிந்து எல்லோரும் ஒன்றாக எழுந்திருப்பார்கள். ஒருவருக்குக் கால் நிமிடம் என்று வைத்தால் ஒரு குழாய் நிமிடத்துக்கு நாலு பேரை அனுப்பும். ஐந்து நிமிடத்தில் கூட்டம் கலையவேண்டுமென்றால் பத்துக் குழாய் வேண்டும். அதே இருநூறு இடத்தை டோக்கன் முறைக்கு மாற்றுங்கள். ஆளாளுக்கு ஒரு நேரத்தில் வந்து, இருபத்தைந்து நிமிடம் சாப்பிட்டுவிட்டு எழுந்தால், நிமிடத்துக்கு எட்டுப் பேர்தான் கை கழுவ வருவார்கள். இரண்டு குழாய் போதும். மதியம் இலைச் சாப்பாடு, மாலையில் டிபன் என்று இரண்டும் நடக்கிற இடத்தில் பத்தைத்தான் வைத்தாகவேண்டும். நம் கல்யாண மண்டபங்களில் கை கழுவுமிடம் ரயில்பெட்டி போல நீண்டிருப்பது இதனால்தான்.

அடுத்தது அடுப்பு. டிசம்பரில் சென்னையில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வீசும். அடுப்பைத் தென்மேற்கு மூலையில் போட்டால் மிளகாய் தாளிக்கிற கமறல் பந்திப் பக்கம் வராது. பங்குனித் திருவிழாவுக்கு இதே படத்தை எடுத்துக்கொண்டு போனால் மாட்டிக்கொள்வோம். அப்போது மதியத்துக்கு மேல் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து வரும். அடுப்பு வடமேற்குக்குப் போகவேண்டும். வாஸ்துக்காரர்கள் சொல்லும் அக்னி மூலை தென்கிழக்கு. பங்குனி மாலையில் அங்கே அடுப்பு வைத்தால் நெடி முழுவதும் சாப்பிடுகிறவர் மூக்கில்தான்.

எரிவாயுவின் குணத்தையும் தெரிந்துகொள்ளவேண்டும். நூறு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க, பாதி வெப்பம் வீணானாலும், ஒன்றரைக் கிலோவுக்குள் முடிந்துவிடும். 19 கிலோ வணிக சிலிண்டருக்கு அது பெரிய செலவில்லை. சிக்கல் வேகத்தில் இருக்கிறது. உள்ளே இருப்பது திரவம். அது ஆவியாக வேண்டுமானால் வெப்பம் வேண்டும். அதைத் தன்னிடமிருந்தும் சிலிண்டரின் உடம்பிலிருந்தும் எடுத்துக்கொள்ளும். பெரிய அடுப்பு ஒன்று அவசரமாக இழுத்தால் சிலிண்டர் சில்லிட்டு, வெளியே பனி பூத்து, அழுத்தம் குறைந்து, சுவாலை சோர்ந்துவிடும். சிலர் மேலே வெந்நீரை ஊற்றுகிறார்கள். செய்யவே கூடாத வேலை. பல சிலிண்டர்களை ஒரே குழாயில் இணைத்துச் சுமையைப் பகிர்ந்துகொள்வதுதான் வழி.

இந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு ஊர்ந்து பள்ளத்தைத் தேடும். அதனால் சமையல் பக்கத் தடுப்பின் அடிப்பாகத்தை மூடாமல் விடவேண்டும். சிலிண்டரைச் சாக்கடை வாயருகே வைக்கக் கூடாது. ஆக, கழிவுநீர் எங்கே என்று முதலில் கேட்டது குழாய்க்காக மட்டும் இல்லை. சிலிண்டர் எங்கே நிற்கக் கூடாது என்பதையும் அதுதான் சொல்கிறது.

கூரைக்கு முன்பெல்லாம் கீற்றுதான். வெயிலுக்கு அதைப் போலக் குளிர்ச்சி வேறெதிலும் இல்லை. ஆனால் 2004 நம்மைப் பயமுறுத்திவிட்டது. ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் கீற்றுப் பந்தல் எரிந்தது. ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையலறைத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொன்றது. அடுப்புக்கு மேல் தகரம் தவிர வேறு பேச்சே இருக்கக் கூடாது.

சாப்பிடுகிற பக்கம் துணி போடலாம், சரிவு இருந்தால். மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் துணியில் சராசரியாகப் பத்து சென்டிமீட்டர் மழைநீர் தேங்கினால் எடை 900 கிலோ, கிட்டத்தட்ட ஒரு கார். டிசம்பர் மழையை நம்பக் கூடாது. கீழே தாங்கும் சவுக்குக் கட்டைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் கட்டுவதில் காரணம் உண்டு: பலத்த காற்றில் கட்டு சற்று நெகிழ்ந்து கொடுக்கும், சட்டம் முறியாது. அவிழ்த்த கட்டையை அடுத்த ஊரில் அப்படியே நடலாம்.

இத்தனையும் கூட்டம் உட்காருகிற இடத்துக்கு. கூட்டமே நகர்ந்தால்? மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயிலின் பங்குனிப் பெருவிழாவில் எட்டாம் நாள் அறுபத்துமூவர். நாயன்மார்கள் பல்லக்குகளில் நான்கு மாட வீதிகளையும் சுற்றி வருவார்கள். தெருவோரமெங்கும் நீர்மோர், பானகம், பொங்கல், புளியோதரை. இங்கே மேசையும் கிடையாது, பந்தியும் கிடையாது. பல்லக்குக்கு வழி விடவேண்டும் என்பதால் பந்தலின் நெற்றி தெருவுக்குள் நீளக் கூடாது. கழுவுகிற வேலை கூடாதென்பதால் தொன்னையில் ஒரு கைப்பிடி. 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் டம்ளருக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தபின் பாக்குமட்டைக்கும் இலைக்கும் மவுசு கூடிவிட்டது.

நல்ல மனசோடு கொடுப்பவர்கள்கூட இங்கே ஒரு தப்பு செய்கிறார்கள். குப்பைத்தொட்டியைத் தங்கள் பந்தலின் காலடியிலேயே வைத்துக்கொள்கிறார்கள். பொங்கல் வாங்கியவர் அங்கே நிற்கமாட்டார். பின்னாலிருக்கும் கூட்டம் அவரை நிற்கவும் விடாது. நடந்துகொண்டே சாப்பிட்டு, முப்பது நாற்பது அடி தள்ளிப் போனபிறகுதான் தொன்னை காலியாகும். அந்த இடத்தில் யாரோ ஒருவருடைய வீட்டுக் கோலம் இருக்கும். தொன்னை அதன் மேல் விழும். தொட்டி இருக்கவேண்டிய இடம் அங்கே, அந்த வாசலுக்கு நாலடி முன்பு.